நாலு நாள் கணக்கு

கலைவிழாவுக்காகப் பொதுப் பூங்காவை நாலு நாள் மூடினால் குடியா முழுகிவிடும்? இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள், கலையை நேசிப்பவர்கள். எனக்கு வேண்டியவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் அந்தக் கேள்வி தவறான கணக்கின் மேல் நிற்கிறது. நகரசபைகளும் அரசுத் துறைகளும் அந்தக் கணக்கையே வழக்கமாக்கிக்கொண்டு வருவதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அவர்கள் தரப்பை முதலில் அதன் முழு பலத்தோடு வைத்துவிடுகிறேன். நம் நாட்டுப்புறக் கலைகள் நகரத்துக்குள் நுழைய இடமில்லாமல் நெடுங்காலம் வெளியே நின்றன. சபா அரங்குகளின் கதவு அவற்றுக்குத் திறக்கவில்லை. 2007-இல் சென்னை சங்கமம் தொடங்கியபோதுதான் பறையும் கரகமும் தெருக்கூத்தும் சென்னையின் பூங்காக்களுக்குள்ளும் திடல்களுக்குள்ளும் உரிமையோடு வந்தன. சில ஆண்டுகள் நடந்து நின்றுபோன அந்த விழாவை 2023 பொங்கலை ஒட்டி அரசின் கலை பண்பாட்டுத் துறை ‘நம்ம ஊரு திருவிழா’ என்ற பெயரோடு மீண்டும் எடுத்து நடத்தியது. நுழைவுக் கட்டணம் இல்லை, யாரும் வரலாம், கலைஞர்களுக்குச் சம்பளமும் மரியாதையும் கிடைக்கின்றன. இப்படி ஒரு விழாவுக்கு இடம் வேண்டும். நகரத்தில் கட்டடம் எழும்பாமல் மிச்சமிருப்பது பூங்காவும் விளையாட்டுத் திடலும்தான். மேடை போடவும், மின்சாரம் இழுக்கவும், கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் வாசலைச் சில நாள் சாத்தத்தான் வேண்டியிருக்கும். காலையில் கை வீசி நடக்கும் பத்துப் பேருடைய சௌகரியத்துக்காக ஆயிரம் பேர் பார்க்கும் கூத்தை வேண்டாம் என்பதா? நாலு நாள்தானே, பொறுத்துக்கொண்டால் என்ன?

இதில் பாதியை நானும் ஏற்கிறேன். நான் கருவேப்பிலங்குறிச்சிக்காரன். விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகும் வழியில் வெள்ளாற்றங்கரையில் இருக்கிற ஊர் அது. கடலூர், விழுப்புரம் பக்கம் கூத்து கேட்டு வளராத காது அபூர்வம். அந்தக் கூத்து மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ ஒரு பூங்காவுக்குள் ஆடப்படுவதைக் கெடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. என் வழக்கு விழாவின் மேல் இல்லை, பூட்டின் மேல். விழா என்றால் பூட்டும் கூடவே வரும் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்களே, அதைத்தான் மறுக்கிறேன்.

1. நாலு நாள் என்பதே பொய்க் கணக்கு.

விழா நாலு நாள், சரி. இரும்புச் சட்டமும் சவுக்குக் கட்டையும் ஏற்றிய முதல் லாரி பூங்காவுக்குள் வருவது எந்தத் தேதி? கடைசித் தகரத் தடுப்பைக் கழற்றி ஏற்றிக்கொண்டு வெளியே போவது எந்தத் தேதி? அழைப்பிதழில் இந்த இரண்டு தேதியும் இருப்பதில்லை. விழா தொடங்குவதற்கு முன்பு ஒப்பந்தக்காரருக்கு இருக்கிற அவசரம் விழா முடிந்த மறுநாள் காற்றில் போய்விடும். ஆட்கள் அடுத்த ஊர் வேலைக்குக் கிளம்பியிருப்பார்கள். கம்பம் நட்ட குழியை மூட, உடைந்த நடைபாதைக் கல்லை மாற்ற, தண்ணீர்க் குழாயைச் சரிசெய்ய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கோப்பு நகர வேண்டும். அதுவரை வாசலில் ‘பராமரிப்புப் பணி’ என்று ஒரு பலகை தொங்கும். அந்த நாட்களை விழாவின் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை வைத்திருக்கிற யாரையும் கேட்டுப் பாருங்கள். சூளை எத்தனை நேரம் எரிகிறது என்பது ஒரு கணக்கு. சரக்கு அடுக்கத் தொடங்கியதிலிருந்து, எரிந்து, ஆறி, பொம்மையையும் அகல் விளக்கையும் வெளியே எடுத்து முடிக்கிற வரை சூளை எவ்வளவு நேரம் மாட்டிக்கொண்டு கிடக்கிறது என்பது வேறொரு கணக்கு. தொழில் செய்கிறவர் இரண்டாவது கணக்கில்தான் விலை போடுவார். பூங்காவைக் கேட்டு வருகிறவர்கள் மட்டும் எரிகிற நேரத்தை மாத்திரம் சொல்லிவிட்டுப் போகிறார்கள், நாமும் தலையாட்டுகிறோம்.

இந்தக் கணக்குத் தகராறு லண்டனில் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. தெற்கு லண்டனில் பிராக்வெல் பூங்கா என்று ஒன்று. லாம்பெத் உள்ளாட்சிக்குச் சொந்தம். கோடையில் அதன் ஒரு பகுதியை வேலி போட்டு வளைத்து ஒன்றன்பின் ஒன்றாக இசைவிழாக்கள் நடத்துகிறார்கள். ஒரு நிலத்தை ஆண்டுக்கு 28 நாள் வரை தற்காலிகமாக வேறு காரியத்துக்குப் பயன்படுத்தத் தனித் திட்ட அனுமதி வேண்டாம் என்பது அங்கே விதி. விழாக்களுக்கு அதன்படி அனுமதி தேவையில்லை என்று உள்ளாட்சி சான்று கொடுத்தது. குடியிருப்பவர்களில் ஒருவர் வழக்குப் போட்டார். 2025 மே 16 அன்று உயர் நீதிமன்றம் அந்தச் சான்று செல்லாது என்றது. வேலியும் மேடையும் எழுப்புகிற நாட்களையும் பிரித்தெடுக்கிற நாட்களையும் சேர்த்தால் 28-ஐத் தாண்டிவிடுகிறது என்பதுதான் விஷயம். உள்ளாட்சி உடனே வேறொரு வழி கண்டுபிடித்தது, விழாக்களும் நடந்து முடிந்தன. அது எனக்கு ஆச்சரியம் தரவில்லை. எப்படி எண்ண வேண்டும் என்பது தீர்ப்பில் தெளிவாகிவிட்டது, எனக்கு அது போதும்.

நம்மிடம் அப்படி ஒரு உச்ச வரம்பைப் பற்றிய பேச்சே இல்லை. 1959-லேயே பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாப்பதற்கென்று இந்த மாநிலம் தனிச் சட்டம் போட்டிருக்கிறது. அந்தச் சட்டத்தின் பெயரை எந்த விழாக் குழுவிலாவது யாராவது உச்சரித்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

2. மூடுவது கலைக்காக என்கிறார்களே, எந்தக் கலைக்கு?

தெருக்கூத்துக்கு என்ன வேண்டும்? ஒரு களரி. ஒரு ஓரத்தில் பெஞ்சு போட்டுப் பின்பாட்டுக்காரர்கள், ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம். இரண்டு பேர் பிடிக்கிற ஒரு திரை. மூன்று பக்கமும் சனம். வருகிறவர் வருவார், தூக்கம் வருகிறவர் எழுந்து போவார், பாதியில் திரும்பி வருகிறவரை யாரும் சீட்டு கேட்பதில்லை. திரௌபதி அம்மன் கோயில்களில் பங்குனி, சித்திரையில் பாரதக் கூத்து நடக்கிறதே, அது அறுவடை முடிந்து நிலம் ஓய்ந்திருக்கிற காலம். விடிய விடிய ஆடிய மண்ணில் விடிந்ததும் மாடு நடக்கும். கரகமும் காவடியும் பறையும் பொய்க்கால் குதிரையும் இன்னும் எளிது. அவை போகிற போக்கில் ஆடுகிற கலைகள், தெருவையே மேடையாகக் கொண்டு பிறந்தவை. இந்தக் கலைகளைக் காட்டுவதற்கு ஒரு பூங்காவின் வாசலைச் சாத்த வேண்டும் என்று ஒருவர் சொன்னால், அவர் கலையைப் பார்த்துச் சொல்லவில்லை, மேடையைப் பார்த்துச் சொல்கிறார். பூட்டு யாருக்குத் தேவைப்படுகிறது? நாற்பதடி மேடைக்கு, எல்.இ.டி. திரைக்கு, முன்வரிசை சோபாவுக்கு, சோபாவில் உட்கார வருகிறவருடைய காருக்கு.

விருத்தாசலத்தில் மாசிமகத்துக்கு வந்து பார்க்கட்டும். விருத்தகிரீஸ்வரர் கோயிலில் கொடியேறினால் ஊரே விழாவுக்குள் போய்விடுகிறது. ஆறாம் நாள் விபசித்து முனிவருக்குக் காட்சி கொடுக்கும்போதும், தேர் ஓடும்போதும், மகத்தன்று மணிமுத்தாற்றில் இறங்கும்போதும் சுற்றுப்பட்டுக் கிராமமெல்லாம் அங்கேதான் இருக்கும். அதற்காக ஊரை மூடுகிறார்களா? வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள், அவ்வளவுதான். வீதிக்காரர் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தேர் பார்க்கிறார், கடைக்காரர் வியாபாரம் பார்க்கிறார். பெரிய கூட்டமும் அன்றாடப் புழக்கமும் ஒரே இடத்தில் சேர்ந்து இருப்பது நமக்குப் பரம்பரையாகத் தெரிந்த வித்தை. பூங்கா என்று வந்தால்தான் திடீரென்று மறந்துபோகிறது.

பூங்காவிலேயே உதாரணம் வேண்டுமா? மயிலாப்பூர் லஸ் அருகே நாகேஸ்வரராவ் பூங்கா. அமிர்தாஞ்சன் நிறுவிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு பெயரில் இருப்பது, ஒரு காலத்தில் குட்டையாகக் கிடந்த இடம். அங்கே மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, சுந்தரம் பைனான்ஸ் ஆதரவில், சிறுவர் சிறுமியர் ஒரு மணி நேரம் கச்சேரி செய்வது வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. மைக் கிடையாது. சுற்றி நடக்கிறவர்கள் நடக்கிறார்கள், பிடித்தவர்கள் நின்று கேட்கிறார்கள், ஒரு பாட்டு கேட்டுவிட்டு மறுபடியும் நடக்கப் போகிறார்கள். அதே நிறுவனத்தின் மயிலாப்பூர் விழாவும் ஜனவரியில் இதே பூங்காவைப் பயன்படுத்திக்கொள்கிறது. சதுரங்கம் இங்கே, கோலப் போட்டி வடக்கு மாட வீதியில் என்று பிரித்துக்கொண்டு நடத்துகிறார்கள். கலையும் பூங்காவும் ஒன்றையொன்று வெளியே தள்ளாமல் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சின்னதும் தெளிவானதுமான சாட்சி கிடைக்காது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

3. பத்துப் பேருக்கு எதிராக ஆயிரம் பேர் என்று யார் எண்ணினார்கள்?

முதலில் அந்தப் பத்துப் பேர் யார் என்று பார்ப்போம். ‘வாக்கிங் போகிறவர்கள்’ என்று சொன்னதும் விலையுயர்ந்த காலணி போட்ட ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரை மனத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அவருக்கு மொட்டை மாடி இருக்கிறது, கிளப் இருக்கிறது. பூங்கா மூடினால் அவர் ஒன்றும் கெட்டுப்போக மாட்டார். பூங்காவில் பகலில் இருப்பவர்களைப் பாருங்கள். இரவுப் பணி முடிந்து அறைக்குப் போகும் முன் கொஞ்சம் சாய்கிற காவலாளி. ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டுச் சோற்றுப் பொட்டலம் பிரிக்கிறவர். பத்துக்குப் பத்து வீட்டில் விளையாட இடமில்லாமல் பிள்ளையை ஊஞ்சலுக்கு அழைத்து வருகிற தாய். போட்டித் தேர்வுப் புத்தகத்தோடு வேப்பமர நிழலில் உட்கார்ந்திருக்கிற இளைஞர் கூட்டம். எங்கே போவது என்று தெரியாத காதலர்கள், அவர்களையும் சேர்த்துத்தான். இவர்களுக்காக எந்தச் சங்கமும் மனு கொடுப்பதில்லை. ‘வேறு பூங்காவுக்குப் போகலாமே’ என்று சொல்கிறவர், பஸ் கட்டணமும் அரை மணி நேர இடைவேளையும் ஒருவருக்கு எவ்வளவு என்று யோசித்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

இனி ஆயிரம் பேருக்கு வருவோம். அவர்கள் ஒரு மாலைக்கு வருகிறவர்கள். பூங்காவைப் புழங்குகிறவர்கள் ஒவ்வொரு நாளும் வருகிறவர்கள். மூடியிருக்கும் அத்தனை நாளுக்கும் அவர்களுடைய தலையை எண்ணிக் கூட்டினால் தட்டு எந்தப் பக்கம் தாழும் என்பது அவ்வளவு எளிதாகச் சொல்லக்கூடியதில்லை. ஆனால் எண்ணிக்கை எப்படி வந்தாலும் என் மறுப்பு மாறாது. பொது இடம் என்பது அதிகம் பேர் கேட்டால் அவர்களுக்குக் கொடுத்துவிடுகிற ஏலப் பொருள் இல்லை.

1991-இல் உச்ச நீதிமன்றம் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் இதே போன்ற வாதத்தைச் சந்தித்தது. அங்கே பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார்கள். மருத்துவமனையும் மக்களுக்குத்தானே, ஆட்சேபிக்க இந்தக் குடியிருப்புவாசிகள் யார் என்று கேட்டார்கள். நீதிமன்றம் ஒதுக்கீட்டை ரத்து செய்தது, குடியிருப்பவர்களுக்கு ஆட்சேபிக்க உரிமை உண்டு என்றது. அது நிரந்தரமாகக் கொடுத்த இடம், நாலு நாள் மூடலுக்கு அந்தத் தீர்ப்பை அப்படியே பொருத்த முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ‘அதைவிட நல்ல காரியத்துக்குத்தானே எடுத்தோம்’ என்ற வாதம் மருத்துவமனைக்கே எடுபடவில்லை. மேடைக்கு மட்டும் எடுபட வேண்டுமா?

4. கூட்டப் பாதுகாப்புக்காக மூடுகிறோம் என்பது தலைகீழ் நியாயம்.

இதுதான் எதிர்த்தரப்பின் கனமான வாதம், அதனால் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். 2025 அவ்வளவு எளிதில் மறக்கிற ஆண்டு இல்லை. ஜூன் 4 அன்று பெங்களூரில் சின்னசாமி மைதானத்து வாசல்களில் கிரிக்கெட் வெற்றிக் கொண்டாட்டத்துக்கு வந்தவர்களில் 11 பேர் நெரிசலில் இறந்தார்கள். செப்டம்பர் 27 அன்று கரூரில் அரசியல் கூட்டமொன்றில் 41 பேர். அதற்குப் பிறகு எந்த அதிகாரியும் கூட்டம் என்றால் பயப்படத்தான் செய்வார், பயப்படவும் வேண்டும்.

ஆனால் அந்தப் பயம் எதைச் செய்யச் சொல்கிறது? பெங்களூரில் சாவு நடந்தது திறந்த வெளியில் இல்லை, உள்ளே போக முடியாமல் வாசலில் முட்டி நின்ற கூட்டத்தில். மைதானத்தை ஒட்டியே கப்பன் பூங்கா பரந்து கிடக்கிறது. கூட்டத்தை ஓரிடத்தில் குவித்து, ஒரு சில வாசல் வழியாக மட்டும் விடும்போதுதான் நெரிசல் பிறக்கிறது. பூங்காவைச் சுற்றித் தகரம் அடித்து, நாலு வாசலில் மூன்றைப் பூட்டி, மிச்சமிருக்கும் ஒன்றில் உலோகச் சோதனைச் சட்டம் வைப்பது கூட்டத்தைக் காப்பாற்றுகிற வேலையா, ஆபத்தை அடுக்கி வைக்கிற வேலையா? ஒரு பூங்காவின் பெரிய பாதுகாப்பே அதற்குப் பல வாசல் இருப்பதும், ஒருவர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் விலகிப் போக இடமிருப்பதும்தான்.

இவ்வளவு கூட்டம் இந்த இடத்துக்குத் தாங்காது என்று தெரிந்தால், செய்ய வேண்டியது நிகழ்ச்சியைச் சிறிதாக்குவது, பல இடங்களுக்குப் பிரிப்பது. சென்னை சங்கமமே முதலில் அப்படித்தான் யோசிக்கப்பட்டது. ஒரே திடலில் எல்லாவற்றையும் கொட்டாமல் ஊரெங்கும் பரப்பியதுதான் அதன் புத்திசாலித்தனம். இதை அதன் ஆதரவாளர்களே மறந்துவருகிறார்கள்.

5. விழாவால் வரும் வருமானம் பூங்காவுக்கே திரும்புகிறது என்பது நிரூபிக்கப்படாத பேச்சு.

திரும்புகிறது என்றால் கணக்கை வாசலில் ஒட்டட்டும், பேசலாம். அதுவரை நான் கவனிப்பது வேறொன்றை. கதீட்ரல் சாலையில் 2010 நவம்பரில் திறந்த செம்மொழிப் பூங்கா, வருடம் முழுவதும் சில்லறைக் காசில் உள்ளே போய் உட்காரக்கூடிய இடம். அண்மை ஆண்டுகளாக அங்கே மலர்க் கண்காட்சி நடத்துகிறார்கள். 2025-இல் அது ஜனவரி 2 முதல் 18 வரை நடந்தது. அந்த நாட்களில் நுழைவுக் கட்டணம் வழக்கமானதைப் போலப் பல மடங்கு. வாசல் திறந்துதான் இருந்தது என்பார்கள். குடும்பத்தோடு வந்து டிக்கெட் விலையைப் படித்துவிட்டு அப்படியே திரும்பிப் போகிறவருக்கு வாசல் திறந்திருந்தது என்று எப்படிச் சொல்வது? பூட்டு போடாமலே மூடுகிற முறை இது. இதை மறுப்பது இன்னும் கடினம், ஏனென்றால் அறிவிப்புப் பலகையில் ‘அனைவரும் வருக’ என்றே இருக்கும்.

6. ‘வெளிநாட்டில் எல்லாம் இப்படித்தான்.’

எந்த வெளிநாட்டில்? ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1992 முதல் தாவரவியல் தோட்டத்தை ஒட்டிய பொட்டானிக் பூங்காவில் வோமடிலெய்டு விழா நடக்கிறது. வேலி போட்டு, டிக்கெட் விற்றுத்தான் நடத்துகிறார்கள். அந்த நகரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் பூங்கா நிலம் வளையமாகக் கிடக்கிறது. ஒன்றை எடுத்தால் இன்னொன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற ஊரின் வழக்கத்தை, ஒரு வட்டாரத்துக்கே ஒரு பூங்காதான் என்றிருக்கிற ஊருக்குக் கொண்டுவந்து நீட்டுவது நேர்மையில்லை. எடின்பரோவுக்குப் போனால் கதையே வேறு. 2018 கோடையில் பிரின்சஸ் தெருத் தோட்டத்தில் கட்டணக் கச்சேரிகளுக்காகத் தெருவோரம் உயரத் தடுப்பு நிறுத்தினார்கள். காசு கொடுக்காதவர் எட்டிப் பார்த்துவிடக் கூடாதாம். கோட்டையையும் தோட்டத்தையும் மறைக்கிறது என்று ஊரே கொதித்தது. கலைவிழாவுக்கே பெயர்போன ஊர் அது, கலையின் எதிரிகள் வாழும் ஊர் இல்லை.

நம் நாட்டிலேயே பம்பாயில் 1999 முதல் காலா கோடா கலைவிழா நடக்கிறது. அதன் மையமான ராம்பார்ட் ரோவில் வண்டிகளை நிறுத்திவிட்டுத் தெருவை நடக்கிறவர்களிடம் கொடுத்துவிடுகிறார்கள். விழா வந்தால் மக்களுக்கு இடம் கூடுகிறது. நம் பூங்காக்களில் விழா வந்தால் இடம் குறைகிறது. எதைக் காப்பியடிக்க வேண்டும் என்பதில்கூட நமக்கு ஒரு ருசி இருக்கிறது.

7. மூட வேண்டிய காரணமும் உண்டு. அதை இதோடு குழப்பாதீர்கள்.

ஊட்டியில் 1848-இல் உருவான தாவரவியல் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மலர்க் கண்காட்சியின் வரலாறு 1896 வரை பின்னால் போகிறது. கோடைக்கு முன்பு பெரிய புல்வெளிக்குள் யாரும் போகக் கூடாது என்று கயிறு கட்டிவிடுவார்கள். சுற்றுலாப் பயணிகள் முணுமுணுப்பார்கள், படம் எடுக்க முடியவில்லை என்பார்கள். நான் தோட்டக்காரர் பக்கம். லட்சக்கணக்கான கால் படப்போகும் புல்லுக்கு முன்கூட்டியே ஓய்வு வேண்டும். பூங்காவின் மற்றப் பகுதிகள் திறந்தே இருக்கின்றன, தேவைப்பட்ட இடம் மட்டும் அடைக்கப்படுகிறது, காரணம் அந்த மண்ணிலேயே இருக்கிறது. குடியரசுத் தலைவர் மாளிகையின் அம்ரித் உத்யான் மக்களுக்குத் திறக்கும் காலத்திலும் திங்கட்கிழமை பராமரிப்புக்கென்று மூடியிருக்கும். அதையும் யாரும் குறை சொல்ல முடியாது. தோட்டத்துக்காகத் தோட்டத்தை மூடுவது தோட்டக் கலையைச் சேர்ந்த காரியம்.

விழாவுக்கு மூடுவது அதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது. மரத்தின் உணவு வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான், ஒன்றிரண்டு அடி ஆழத்துக்குள், கிளை விரிந்த எல்லையையும் தாண்டிப் பரவியிருக்கிறது. பாரம் ஏற்றிய லாரி அதன் மேல் ஏறி இறங்கினால் மண்ணுக்குள் இருக்கிற காற்றுத் துளைகள் நசுங்குகின்றன. தண்ணீர் இறங்காது, வேர் மூச்சு விடாது. மண் ஈரமாக இருந்தால் சேதம் இன்னும் அதிகம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து அதிக நாள் ஆகாத பொங்கல் சமயத்தில்தான் நம் விழாக்கள் வருகின்றன என்பதை விழாக் குழுவில் ஒரு தோட்டக்காரரைச் சேர்த்திருந்தால் அவர் முதல் நாளே சொல்லியிருப்பார். இறுகிய மண் தானாக இளகப் பல வருடம் ஆகும். விழா நடந்து ரெண்டு மூன்று வருடம் கழித்து ஒரு பக்கக் கிளை பட்டுப்போகும்போது அதை யாரும் மேடையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. ‘வயசாயிடுச்சு’ என்று வெட்டிவிடுவார்கள்.

மனிதர்களை வெளியே நிறுத்திவிட்டு லாரியை உள்ளே விடுவதற்குத்தான் அந்தப் பூட்டு உதவுகிறது. நடக்கிறவர்கள் உள்ளே இருந்திருந்தால், வேர் மேல் லாரி ஏறும்போது ஒருவராவது கத்தியிருப்பார்.

கடைசியாக ஒரு ஆட்சேபணை வரும். இவ்வளவு நிபந்தனை போட்டால் விழாவே நடக்காது என்பார்கள். நான் கேட்பது மலையைப் புரட்டச் சொல்வது இல்லை. முதல் லாரி வரும் தேதி, கடைசி லாரி போகும் தேதி, எந்த வாசல் திறந்திருக்கும், எந்தப் பாதையில் நடக்கலாம், ஊஞ்சல் பக்கம் திறந்திருக்குமா, சேதத்துக்கு முன்பணம் எவ்வளவு கட்டியிருக்கிறார்கள், யாரிடம் முறையிடலாம். இவற்றை ஒரு மாதத்துக்கு முன்பே வாசலில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். பூங்காவின் பாதிக்கு மேல் எப்போதும் திறந்திருக்க வேண்டும். கட்டி முடித்த மேடைக்குத் தகுந்தபடி பூங்காவைச் சுருக்காமல், பூங்காவைப் பார்த்து மேடையின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். ஜெனரேட்டர் தெருவில் நிற்கட்டும். இதைச் செய்கிற விழாவுக்கு நானும் வந்து உட்காருவேன். பின்பாட்டுக்காரர்களுக்குப் பக்கத்தில், முடிந்தால்.

இதைச் செய்ய முடியாத அளவுக்குப் பெரிய விழாவுக்குப் பெரிய திடல் இருக்கிறது. சென்னையில் பொருட்காட்சிகளைச் சுமந்து பழகிய தீவுத்திடல். எங்கள் பக்கத்து நெய்வேலியில் 1998 முதல் புத்தகக் கண்காட்சியை நடத்திவரும் லிக்னைட் ஹால் வளாகம். ஹரியானாவின் சூரஜ்குண்ட் கைவினைத் திருவிழா 1987 முதல் தனக்கென்றே ஒரு நிலத்தை வைத்துக்கொண்டு வளர்ந்திருக்கிறது. மாவட்டந்தோறும் கலைவிழா என்று அரசு ஆசைப்படுகிற இந்தக் காலத்தில், மாவட்டத்துக்கு ஒரு விழாத் திடலை ஒதுக்குவதும் அந்த ஆசையின் செலவுக் கணக்கில் சேர வேண்டும். அதுவரை பூங்காவைக் கேட்டு விண்ணப்பிக்கிறவர்கள், வேறு எந்தெந்தத் திடலைக் கேட்டார்கள், அங்கே என்ன பதில் வந்தது என்ற கடிதங்களையும் அந்த அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைக்கட்டும்.